உங்க ஊருக்கு ஒரு பல்கலைக்கழகக் கிளை வந்தா நல்லதா?

அரசுப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரில் கிளை திறக்கப் போகுதுன்னு செய்தி வந்தால் சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா, அடிக்கல் நாட்டிய பிறகு என்ன ஆகும்? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் கதையைப் பாருங்கள்.

எங்கெல்லாம் கிளை?

சச்சார் குழு 2006-ல் முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் கேரளாவின் மலப்புரம், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், பீகாரின் கிஷன்கஞ்ச் மாவட்டங்களில் மையங்கள் வந்தன.

என்ன லாபம்?

அலிகர் வரை அனுப்பத் தயங்கும் வீட்டுப் பெண்ணுக்கும் மத்தியப் பல்கலைக்கழகப் பட்டம் பக்கத்திலேயே கிடைக்கும்.

சிக்கல் எங்கே?

சட்டம், எம்.பி.ஏ., பி.எட். என விரல்விட்டு எண்ணக்கூடிய படிப்புகளோடுதான் இவை தொடங்கின. கிஷன்கஞ்சில் மாநில அரசு 224 ஏக்கர் கொடுத்தது. மத்திய அரசு ஒப்புதல் அளித்தது ரூ.136.82 கோடி, பல ஆண்டுகள் கழித்தும் கைக்கு வந்தது ரூ.10 கோடிதான்.

அப்போ வேண்டாமா?

வேணும். ஆனா மூணு கேள்வி கேளுங்க: பணம் எத்தனை வருஷத்துக்கு உறுதி? நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? புதுப் படிப்பு தொடங்கும் முடிவை எடுப்பது யார்? இதற்குப் பதில் இல்லைன்னா, வரப்போவது வளாகம் இல்லை, பெயர்ப்பலகைதான்.