ஊரால்ஸ்க்கும் நவல்பட்டும்

திருவரங்கத்தின் மதில்கள் போர் அறியாதவை அல்ல. 1752 ஜூனில் ழாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படை சரணடைந்தது இத்தீவில்தான். அன்று ஆலயமே அரணாக நின்றது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஏந்திய துப்பாக்கிகளோ கடல் கடந்து வந்தவை. திருச்சிராப்பள்ளி தானே படைக்கலம் செய்யும் ஊரானது இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரே.

1962 சீனப் போர் தந்த அதிர்ச்சியில் நாட்டின் படைக்கல ஆலைகள் பெருகின. 1966-இல் நவல்பட்டுக்கு அருகே எழுந்தது, நம் ஊரார் 'துப்பாக்கித் தொழிற்சாலை' என்றழைக்கும் நிறுவனம். பொன்மலை ரயில்வே பணிமனையால் இரும்போடு பழகிய கைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. துப்பாக்கியின் வரைபடங்கள் மட்டும் பெரிதும் வெளியிலிருந்தே வந்தன.

அவற்றுள் ஒன்றன் கதை நம் சிந்தனைக்குரியது. 'என்.எஸ்.வி.' என்னும் 12.7 மி.மீ. கனரக இயந்திரத் துப்பாக்கி, நிகிதின், சோகொலோவ், வோல்கோவ் என்ற மூவரின் பெயர் முதலெழுத்துகளைத் தாங்கியது. 1971-இல் சோவியத் படை இதனை ஏற்றது. ஆவடியில் உருவான டி-72 டாங்கியின் தலைமேல் அமர்ந்ததும் இதுவே. நவல்பட்டில் இது உற்பத்தியாயிற்று. சோவியத் நாட்டிலோ கசகஸ்தானத்து ஊரால்ஸ்க் நகரின் 'மெத்தலிஸ்த்' ஆலையில்.

1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியது. ஒரே இரவில் என்று சொன்னால் மிகையாகாது. அவ்வாலை அயல்நாட்டுச் சொத்தாகிவிட்டது. பேரரசு ஒன்றின் தேவைக்கெனக் கட்டப்பட்ட ஆலை, சிறு படையே கொண்ட புதுக் குடியரசின் கையில் எஞ்சியது. ரஷ்யாவுக்கு ஆலை போயிற்று, அறிவு போகவில்லை. கொவ்ரோவ் நகரின் வடிவமைப்பாளர்கள் தொண்ணூறுகளிலேயே 'கோர்த்' என்ற புதிய துப்பாக்கியை உருவாக்கினர்.

நாம் கொவ்ரோவா, ஊரால்ஸ்க்கா? நெடுங்காலம் ஊரால்ஸ்க்காகவே இருந்தோம் என்பது நம் கணிப்பு. சோவியத் உதிரிப் பாகங்களுக்காகத் தொண்ணூறுகளில் நம் படை தவித்ததன் வேர் இதுவே. விதிவிலக்கும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனத்துடனான தொடர்பு 2005-இல் அறுந்தபின், திருச்சி ஆலை 'வித்வம்சக்' என்னும் பெருந்துப்பாக்கியை உருவாக்கியது. குழலை மாற்றி மூன்று வகைக் குண்டுகளைச் சுடவல்லது அது. (நம் ஆலைக்கு வடமொழிப் பெயர்தானா என்று கேட்போர் கேட்கட்டும்.) ஆனால் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று ஊர்ப்பெயர் பெற்றது கலாஷ்னிகோவின் வார்ப்பே.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் படைக்கல வாரியம் கலைக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டமே வந்தது. நம் ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ்ச் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வரைபடம் ரஷ்யாவுடையது, ஆலை அமேட்டி மாவட்டத்துக் கொர்வாவில்.