முக எலும்பு முறிவும் எக்ஸ் கதிர்ப் படமும்

முகத்தில் அடிபட்டவருக்கு எக்ஸ் கதிர்ப் படம் தேவையா என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் நூறாண்டுக்கும் மேலாக எழுந்துவரும் கேள்வி. அடிபட்ட முகம் விரைவில் வீங்கிவிடும். உள்ளே எலும்பு முறிந்திருப்பதை வீக்கம் மறைத்துவிடும். முறிவு தவறவிடப்பட்டால் பல்வரிசை பொருந்தாமல் போகலாம், காண்பவை இரண்டிரண்டாகத் தெரியலாம். எல்லோருக்கும் படம் எடுத்தாலோ வீண் கதிர்வீச்சும் செலவும்தான் மிச்சம்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். கை, கால் எலும்புகளைப் போல முக எலும்புகள் அதில் தெளிவாகத் தெரியவில்லை. அவை மெல்லியவை, ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழும். 1915இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் வாட்டர்ஸ் விவரித்த முறையில், நோயாளி தலையை அண்ணாந்து முகவாயைப் படத்தகட்டில் பதிக்க வேண்டும். அப்போது காதையொட்டிய கெட்டியான எலும்பின் நிழல் கீழிறங்கி, கன்னப் பகுதி தெளிவாகப் பதியும்.

இதற்கு முன்பே, 1901இல், பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் இறந்தோரின் தலைகளைப் பல திசைகளில் தாக்கி, சதையை நீக்கி ஆராய்ந்திருந்தார். கேட்கவே கூசும் ஆய்வுதான். ஆனால், மேல்தாடை கண்டபடி உடையாமல் பெரும்பாலும் மூன்று தடங்களில் பிளக்கிறது என்பது அதனால் தெரியவந்தது. மேல்வரிசைப் பற்களைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்கும் சோதனைக்கு இந்த அறிவே துணை.

கீழ்த்தாடைக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. நாக்கை அழுத்தும் தட்டையான மரக்குச்சியை நோயாளி கடித்துக்கொள்ள, மருத்துவர் அதைத் திருகுவார். குச்சி ஒடியும்வரை பிடி தளராவிட்டால் முறிவுக்கு வாய்ப்பு குறைவு. வலியால் வாய் திறந்துகொண்டால் படம் எடுக்க வேண்டும். இச்சோதனையின் நம்பகத்தன்மை குறித்த ஆய்வு 1995இல் வெளிவந்தது.

1971இல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் நிழல் சிக்கலைத் தீர்த்தது. கூடவே கதிர்வீச்சின் அளவையும் கூட்டியது. ஆகவே யாருக்கு எடுப்பது என்ற கேள்வி முன்னிலும் கூர்மையானது. கணுக்கால் காயங்களுக்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் இத்தகைய விதிகள் வந்துவிட்டன. முகத்துக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவர்கள் 2011இல் ஐந்து அறிகுறிகளை முன்வைத்தனர்: தடவும்போது எலும்பில் படிபோன்ற மேடுபள்ளம் அல்லது அசைவு, கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது கன்றல், பல்வரிசை பொருந்தாமை, பல் இழப்பு, குறைந்த சுயநினைவு.

மூக்கின் கதை வேறு. அங்கே மட்டும் அடிபட்டிருந்தால் பொதுவாகப் படமே தேவையில்லை. ஆனால் நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று விளக்கொளியில் உள்ளே பார்த்தாக வேண்டும். அதை உடனே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்கு உள்வாங்கிவிடும். அந்த இரத்தக்கட்டு சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியாது.