டவர் எடுக்குதா?

சென்னைக்கு செல்போன் வந்தது 1995-ல். ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்று இரண்டே கம்பெனிகள். பேசினால் நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை போகும். வருகிற அழைப்புக்கும் காசு உண்டு. அந்த லைசென்ஸின் எல்லை, சென்னை டெலிபோன்ஸ் பகுதியோடு மறைமலை நகர், மீஞ்சூர், மாமல்லபுரம் எக்ஸ்சேஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. செங்கல்பட்டு–காஞ்சிபுரம் ரயில் பாதையில் இருக்கும் வாலாஜாபாத், செல்போன் கணக்கில் வெளியூர்.

மற்ற மாவட்டங்களுக்கான 'தமிழ்நாடு' லைசென்ஸ் வட்டம் தனி. அங்கே பி.பி.எல்., 1999-ல் வந்த ஏர்செல். 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. சென்னையும் தமிழ்நாடும் ஒரே வட்டமானது 2005-ல்தான்.

அடுத்த ஆண்டே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போன இளம்பெண்கள் கையில் செல்போன் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை திறந்தது. அப்போதெல்லாம் சிம் வாங்குவதில் வேகம் என்ற பேச்சே கிடையாது. வீட்டில் என்ன நம்பர், வேலைக்கு வந்து வாலாஜாபாத் போன்ற ஊர்களில் எடுத்த வாடகை ரூமில் எல்லாரும் என்ன நம்பர் என்பதுதான் கேள்வி; ஒரே கம்பெனிக்குள் பேசினால் மலிவு. தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது ஏர்செல்.

2011 ஜனவரி 20 முதல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்றானது. 1900-க்கு 'போர்ட்' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால் போதும். ஆனாலும் டவர் எடுக்கிறவரை யார் மாற்றப்போகிறார்கள்?

டவர் எடுக்காத நாள் 2018 பிப்ரவரியில் வந்தது. ஏர்செல் தன் 17,500 டவர்களை 2010-லேயே 8,400 கோடி ரூபாய்க்கு ஜி.டி.எல். நிறுவனத்திடம் விற்றிருந்தது. அதன்பின் அவற்றுக்கு அது வாடகைதாரர். டவர் நிறுவனத்தோடு தகராறு முற்றியதும் தமிழ்நாட்டில் பரவலாக சிக்னல் போனது. ஆதார், பேங்க், கேஸ் என எல்லாம் அந்த நம்பரில். மாறிவிடலாம் என்றால், எஸ்.எம்.எஸ். போகவே சிக்னல் வேண்டும். குறியீடு வரவும் அதே சிக்னல். மொட்டைமாடி ஏறி, நெட்வொர்க்கை மேனுவலில் தேடி, ஒரு கோடு தெரிந்ததும் அவசரமாக அனுப்பினார்கள். ஏர்செல் அலுவலகங்களில் கூட்டம் மொய்த்தது. திவால் மனு அந்த மாதக் கடைசியில் தாக்கலாக, குறியீடு தருவதை ஏப்ரல் 15 வரை தொடரச் சொன்னது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். நம்பரைக் காப்பாற்றிக்கொண்டவர்களில் பலர் ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் போனார்கள்.

2016 செப்டம்பரில் வந்த ஜியோ இலவச டேட்டாவால் பழக்கத்தை ஏற்கெனவே மாற்றியிருந்தது. வேகம் கணக்கில் வந்ததும் அலைவரிசையும் கணக்கில் வந்தது. 3,300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 5ஜி வேகமானது, ஆனால் தூரம் போகாது, சுவருக்குள் தளரும். 700, 900 போன்ற குறைந்த அலைவரிசைகள் தூரமும் போகும், வீட்டுக்குள்ளும் நுழையும். வாடகை ரூமுக்கு இவைதான் உதவும். ஒரகடம் ஆலைகளின் உலோகக் கூரைக்குள் இரண்டுமே திணறும்.

எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டு, 2025 ஏப்ரல் 1 கெடு வைத்தது. வாலாஜாபாத்தின் தெருவை அதில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ரூமின் உள்மூலையில் கட்டில் போட்டிருப்பவருக்கு மட்டும், பக்கத்துக் கட்டில்காரரின் சிம்மைப் பத்து நிமிஷம் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே இன்னும் நம்பகமான சோதனை.