புல்லட் சைலன்சரும் பிரெஞ்சு நெருப்பும்

பழைய மோட்டார் சைக்கிள்களை விடாமல் வைத்திருப்பவர்கள் நம் புதுச்சேரியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் ஒரே குறைதான். இன்ஜின் நன்றாக ஓடும், சைலன்சர் ஓட்டையாக இருக்கும். கேட்டால், "கடல் காத்து சார், என்ன பண்றது?" என்பார்கள். கடற்காற்றில் உள்ள உப்பு துருவை விரைவுபடுத்தும் என்பது உண்மைதான். ஆனால் சைலன்சரை முதலில் தின்னத் தொடங்குவது வெளிக்காற்று அல்ல, உள்ளே தேங்கும் தண்ணீர்.

சைலன்சருக்குள் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்பீர்கள். பெட்ரோலில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வண்டி நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். மார்க்கெட்டுக்குப் போய்வருவதோடு நிறுத்திவிட்டால் ஆவி குளிர்ந்து, சைலன்சரின் பின்புறம் தாழ்ந்த இடத்தில் நீராகத் தங்கிவிடும். பெட்ரோலில் உள்ள கந்தகம் அந்த நீரை லேசான அமிலமாகவும் மாற்றும். 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி, பெட்ரோலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. அந்தக் காலப் பெட்ரோலில் இதைவிடப் பல மடங்கு இருந்தது.

வெளியே பளபளக்கும் குரோம் பூச்சு இதைத் தடுக்காது. அந்தக் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம்தான். அதற்குக் கீழே உள்ள நிக்கல் பூச்சுதான் இரும்பைக் காக்கிறது. அந்த இரண்டும் வெளிப்புறத்துக்குத்தான். உட்புறம் வெறும் இரும்பு. கோப்பின் அட்டை புதிதாக இருக்க, உள்ளே தாள்களைக் கரையான் அரித்திருப்பதை அரசு அலுவலகத்தில் எத்தனையோ முறை பார்த்தவன் நான். சைலன்சரும் அப்படித்தான்.

துரு என்பது என்ன என்பதை நான் பிரெஞ்சில்தான் முதலில் கற்றேன். வகுப்பில் 'ரூய்' என்று கரும்பலகையில் எழுதி, உலோகம் காற்றோடு சேரும்போது எடை குறையாது, கூடும் என்று ஆசிரியர் விளக்கியபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. 1770களில் இதைத் தராசு வைத்து நிறுவியவர் பாரிஸ் நகரத்து லவ்வாசியே. வரி வசூல் குத்தகையில் பங்காளியாக இருந்த குற்றத்துக்காக 1794இல் கில்லட்டினில் தலையை இழந்தவரும் அவர்தான். துரு எடை கூடுவதோடு நிற்பதில்லை, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பழைய சைலன்சர் சில இடங்களில் உப்பியிருப்பது இதனால்தான்.

இந்த விஷயமெல்லாம் எனக்கு மறுபடியும் தேவைப்பட்டது என் அண்ணன் வண்டிக்காக. அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். திரும்பியதும் அவர் வாங்கியது ஒரு 350 சிசி புல்லட். ராயல் என்ஃபீல்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். நம் ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதால், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை திருவொற்றியூரில் ஆலை வந்தது. அண்ணனுடையது திருவொற்றியூர் வண்டி.

அண்ணன் காலமான பிறகு வண்டி ஆறு ஆண்டுகள் வீட்டுச் சந்தில் நின்றது. பாரிஸில் இருக்கும் அவர் மகன், தான் விடுமுறைக்கு வரும்போது ஓட்ட வேண்டும் என்று போனில் சொன்னான். "சித்தப்பா, சைலன்சர் புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க. சத்தம் இன்னும் பெருசா வர்றதா பாருங்க" என்றான். அண்ணிக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் பார்வையும் மங்கிவிட்டது. அவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, சத்தம் மட்டும் மாறிடக் கூடாது" என்றார். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தே பழகியவர் அவர்.

அண்ணி கேட்டதில் நியாயம் உண்டு. வண்டியின் குரலைத் தீர்மானிப்பதில் சைலன்சருக்குப் பெரிய பங்கு. இன்ஜினிலிருந்து வெடித்து வரும் வாயு, உள்ளே உள்ள அறைகளிலும் தடுப்புத் தகடுகளிலும் மோதி வேகம் தணிந்து வெளியேறுகிறது. குழாயின் நீளம், அறைகளின் கொள்ளளவு, தகடுகளின் இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒலி. இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தின் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் 1920களில் சத்தம் தாங்காமல் நீதிமன்றம் வரை போனார்கள். அதன் பிறகு அங்கே ஓடும் வண்டிகளுக்குப் பெரிய டப்பா போன்ற சைலன்சர் கட்டாயமானது. புதுக் குழாய் மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் குரல் வேறாகிவிடும். ஆகவே பழையதையே சரிசெய்வது என்று முடிவு செய்தேன்.

நெல்லித்தோப்புப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் குழாயை வண்டியிலிருந்து கழற்றிவிட்டார். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கும்போது நெருப்பு வைக்கக்கூடாது. பிறகு சின்னச் சுத்தியலால் அடிப்புறம் முழுவதும் தட்டிப் பார்த்தார். நல்ல இரும்பு மணிபோல் ஒலித்தது, அரித்த இடம் மொத்தென்றது. அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, "இதுக்கு வெளியே இன்னும் உசுரு இருக்கு சார்" என்றார். அடிப்புறத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்தபோது இரண்டு கைப்பிடி துருச் செதில்கள் கொட்டின. தடுப்புத் தகடுகள் நல்லபடியாக இருந்தன. அவற்றைத் தொட வேண்டாம் என்றேன். கம்பி பிரஷ் போட்டு உட்புறத்தைச் சுத்தம் செய்து, அதே வளைவுக்குத் தட்டிய புதுத் தகட்டை வைத்து கேஸ் வெல்டிங் செய்தார்.

அந்த நீல நெருப்பைப் பார்த்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் கேட்ட இன்னும் சில பெயர்கள் நினைவுக்கு வந்தன. அசிட்டிலீனையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்தால் அதுவரை அறியப்பட்ட சுவாலைகளை மிஞ்சும் சூடு வரும் என்று 1895இல் அறிவித்தவர் லே ஷாத்தலியே. அசிட்டிலீன் தானே வெடிக்கக்கூடிய வாயு. அதை அசிட்டோனில் கரைத்துச் சிலிண்டரில் அடைக்கும் வழியை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கண்டவர்கள் ஜார்ஜ் கிளோத், அல்பேர் எஸ் இருவரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபூஷே, பிக்கார் என்ற இருவர் கையில் பிடித்து வேலை செய்யும் டார்ச்சை உருவாக்கினார்கள். ஐவருமே பிரெஞ்சுக்காரர்கள். அந்தச் சுவாலையின் சூடு 3,000 டிகிரிக்கு மேல், இரும்பு உருகுவதோ சுமார் 1,500 டிகிரியில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் சைலன்சரைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்ட நெருப்பே ஒட்டியது என்று பாயிடம் சொன்னேன். "நெருப்பு யாருதானா என்ன சார், கை நம்முது" என்றார்.

இந்த வேலையில் இறங்கும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். வெல்டிங் வைக்கும் இடத்தில் குரோமையும் நிக்கலையும் முன்பே தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. ஒட்டுப் போடக் கூரைக்கான துத்தநாகத் தகட்டை வெட்டாதீர்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், பால் நுரையீரலுக்குப் போவதில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பூசும் பசை சைலன்சர் சூட்டில் கருகிவிடும். இன்ஜின் பக்கத்து இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஆக்ஸிலேட்டரைக் குறைக்கும்போது பட்பட்டென்று வெடிக்கும், அதையும் பாருங்கள். பின்புறம் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். மீண்டும் குரோம் போடாமல், சூடு தாங்கும் அலுமினியப் பெயின்ட் அடித்தேன். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது வண்டியை ஓட்டி, குழாயை நன்றாகச் சூடாக்குவதுதான் உண்மையான மருந்து.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி உதைத்தபோது மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. திண்ணையில் இருந்த அண்ணி தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார். "கொஞ்சம் சளி பிடிச்ச மாதிரி இருக்கு. ஆனா நம்ம வண்டிதான்" என்றார். மகனுக்குப் போன் போட்டு, வேறு சைலன்சர் வாங்கிவராதே என்று அவரே சொல்லிவிட்டார்.