சிறுநீரகமும் சிறுநீர் மண்டலமும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

சிறுநீரகம்: வயிற்றறையின் பின்புறத்தில், முதுகெலும்புக்கு இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் காப்பில் அமைந்த இணை உறுப்பு. வளர்ந்தவர் உடலில் ஒவ்வொன்றும் 11 முதல் 12 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 150 கிராம் எடையும் கொண்டிருக்கும். இவ்விரண்டும், இவற்றிலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய்கள், சிறுநீர்ப்பை, வெளியேறும் வழி ஆகியவையும் சேர்ந்ததே சிறுநீர் மண்டலம். இந்த மண்டலத்தைப் பற்றிய அறிவு வளர்ந்த கதையையும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அதன் நோய்களும் மருத்துவமும் கடந்து வந்த வழியையும் இக்கட்டுரை கூறுகிறது.

இயங்கும் முறை

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகங்களுக்கே செல்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டி அலகுகள் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்று இருக்கிறது. இரத்தம் அதன் வழியே அழுத்தத்துடன் ஓடும்போது நீரும் உப்புகளும் சர்க்கரையும் யூரியாவும் கசிந்து வெளியேறும். இரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே நிற்கும். இப்படி ஒரு நாளில் வடியும் நீர் சுமார் 180 லிட்டர். அடுத்துள்ள நீண்ட நுண்குழலில் உடலுக்குத் தேவையானவை எல்லாம் மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுகின்றன. எஞ்சி வெளியேறுவது ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மட்டுமே.

உடலில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து சுரக்கும் ஓர் இயக்குநீர் நுண்குழலை இன்னும் அதிகமாக நீரை மீட்கச் செய்யும். சிறுநீர் அளவு குறைந்து மஞ்சள் அடர்ந்துவிடும். சித்திரை வெயிலில் களை எடுத்துத் திரும்புகிறவருக்கு நீர்க்கடுப்பு வருவதன் பின்னணி இதுதான். இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டுவது, வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவது ஆகியவையும் சிறுநீரகத்தின் வேலைகளே. இந்த உறுப்பு பழுதடைந்தவர் முகம் வெளுத்து, எலும்பு நொந்து, மூச்சு வாங்கி வருவதற்குக் காரணம் அதுவே.

மண்ணும் வெயிலும்

அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இங்கே சிமென்ட் ஆலைகளை வரவழைத்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கடினமாக்கியதும் அதுவே. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிவதைக் கண்டு, அதே சுண்ணாம்புதான் வயிற்றில் கல்லாகச் சேர்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை முழு உண்மையன்று. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுவதால், கால்சியத்தை அடியோடு குறைப்பது கல்லைக் கூட்டவும் செய்யும். முதன்மைக் குற்றவாளி நீர் போதாமை. வியர்வையில் நீர் போய், குடிப்பதும் குறைந்தால், சிறுநீர் செறிவாகி உப்புகள் படிகமாகின்றன. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர்க் கரிசலிலும், கோடையில் முந்திரி பொறுக்கும் ஆண்டிமடம், செந்துறைத் தோப்புகளிலும் உழைப்பவர்களுக்கு இந்தச் சூழல் ஆண்டுதோறும் வாய்க்கிறது. முந்திரிப் பருப்பும் ஆக்சலேட் மிகுந்த உணவுதான். கல் வந்தவர்கள் அதை அளவோடு உண்பது நல்லது.

கல் வலி விலாப்புறத்தில் தொடங்கித் தொடை இடுக்குக்கு இறங்குவதற்குக் காரணம் உண்டு. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள சிறுநீர்க்குழாயில் மூன்று இடங்கள் இயல்பாகவே குறுகலானவை: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பு இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் சிக்கும் இடத்துக்கேற்ப வலியும் இடம் மாறும்.

பழைய மருத்துவம்

சித்த மருத்துவம் கல்லடைப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு எனச் சிறுநீர் நோய்களைப் பிரித்து அறிந்திருந்தது. சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு ஆகியவை இன்றும் இவ்வட்டார வீடுகளில் கைமருந்துகள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே சிறுபீளைதான் கல்லடைப்புக் கசாயத்துக்கும் போகிறது. சிறிய கற்கள் தாமாகவே இறங்கும் இயல்புடையவை. அதற்கு மூலிகை நீர் எவ்வளவு உதவியது, கூடுதலாகக் குடித்த நீர் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

நிறுவனமாக அமைந்த மருத்துவத்துக்கும் இந்த மண்ணோடு உறவுண்டு. 11-ஆம் நூற்றாண்டில் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஒன்றை விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்துக்கு வேர் கொணர்வோர், பணிப்பெண்கள் என அனைவருக்கும் ஊதியம் வகுத்த ஆவணம் அது. அதில் பெயர் குறிக்கப்பட்ட மருந்துகளுள் தசமூல ஹரீதகியும் ஒன்று; தசமூலம் எனப்படும் பத்து வேர்களில் நெருஞ்சிலும் அடங்கும்.

நுண்ணோக்கியும் கரண்டியும்

இத்தாலியரான மல்பிகி நெஃப்ரானின் தலைப்பிலுள்ள இரத்தக் குழாய் முடிச்சை நுண்ணோக்கியில் கண்டு 1666-இல் எழுதினார். அந்த முடிச்சைச் சூழ்ந்த உறை நுண்குழலோடு தொடர்வதை 1842-இல் லண்டனில் வில்லியம் பௌமன் காட்டினார். ஆனால் நோயாளிகளின் வாழ்வை மாற்றிய செய்தி இவ்விரண்டுக்கும் இடையில், 1827-இல் வெளிவந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கி வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சினார். சிலரது சிறுநீர் முட்டையின் வெண்கரு போல உறைந்தது. இறந்த பின் அவர்கள் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. புரதம் சிறுநீரில் கசிகிறது என்றால் வடிகட்டி பழுதடைகிறது என்ற உண்மை அன்று தெரிந்தது. வலியோ எரிச்சலோ இல்லாமல் வளரும் நோயைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இதுவரை வரவில்லை. இன்று கரண்டிக்குப் பதில் நிறம் மாறும் ஒரு சோதனைப் பட்டை, அவ்வளவே வேறுபாடு.

இரத்தத்தை உடலுக்கு வெளியே வடிகட்டும் டயாலிசிஸ் இயந்திரமான செயற்கைச் சிறுநீரகத்தைப் போர்க்கால நெதர்லாந்தில் 1943-இல் வில்லம் கோல்ஃப் உருவாக்கினார். 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே, ஒத்த உருவ இரட்டையரிடையே சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தி வெற்றி கண்டார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். மேல்சிகிச்சைக்குத் திருச்சி, தஞ்சாவூர், சென்னை என்று போக வேண்டியிருந்தது. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, இடையில் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் நிலையாகத் தனியானது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய ஒருவருக்கு மருத்துவமனையின் தூரமே உயிரைத் தீர்மானிக்கக்கூடியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றறை வழி டயாலிசிஸுக்கான நீர்ப்பைகள் வீட்டுக்கே வருவது அந்தத் தூரத்தைக் குறைக்கும் முயற்சி.

உறுப்பும் வறுமையும்

உறுப்பு மாற்றத்தோடு ஒரு கொடுமையும் வந்தது. 1980-களிலும் 90-களிலும் சென்னை வில்லிவாக்கத்தின் ஏழைகள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றார்கள். மனித உறுப்பு மாற்றச் சட்டம் 1994-இல் வந்தது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானம் 2008 முதல் முறைப்படுத்தப்பட்டு வளர்ந்தது. தானம் அளிப்போரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்ற அறிவிப்பு 2023-இல் வெளியானது. இருந்தும் 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்து, பெரம்பலூர், திருச்சிப் பகுதித் தனியார் மருத்துவமனைகள் இரண்டின் மாற்று அறுவை உரிமம் நிறுத்தப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. விற்பவர் கடன் தீராமலும் உடல்வலு குன்றியும் நிற்கிறார். தரகர் மட்டுமே பிழைக்கிறார்.

காரணம் தெரியாத நோய்

நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் முதன்மைக் காரணங்கள். இவ்விரண்டும் இல்லாத விவசாயக் கூலிகளும் மத்திய அமெரிக்கக் கரும்பு வயல்களிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திரத்தின் உத்தானத்திலும் நோயுற்றார்கள். வெப்பம், நீரிழப்பு, குடிநீரின் கடினத்தன்மை, புளோரைடு, பூச்சிமருந்து என்று பலவும் ஆராயப்பட்டன. ஒற்றைக் காரணம் நிறுவப்படவில்லை. தமிழ்நாட்டிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பரிசோதித்து 2025-இல் முடிவு வெளியிட்டார்கள். ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது; அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

வெயிலில் வேலை செய்த உடல்வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரையும், போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் இங்கே பெரிய ஆபத்து. உடலில் நீர் வற்றிய நேரத்தில் அவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தை மேலும் குறைத்துவிடும். “உப்பு ஏறிவிட்டது” என்று மருத்துவர் சொல்லும்போது, அதாவது இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் கூடியிருக்கும்போது, பெரும்பாலும் பாதி வேலைத்திறன் போய்விட்டிருக்கும். சிறுநீரில் புரதம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தென்படக்கூடும்.

வயல், சுரங்கம், ஆலை, செங்கல் சூளை ஆகிய இடங்களில் வேலை செய்வோரும், சர்க்கரையோ கொதிப்போ உள்ளோரும், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தோரும் ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சிறுநீர்ப் புரதப் பரிசோதனையும் கிரியாட்டினின் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.