பூசணம் பூத்த கதிர்கள்

1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் ஒரு காமாலை பரவியது. கண்கள் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்துப் பழங்குடி மக்கள் மாண்டனர். ஆய்வுக்கு வந்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்துபோயினர். தொற்றுக் காமாலை என்றே எவரும் முதலில் எண்ணியிருப்பர். ஆனால் அவ்வீடுகளின் நாய்களும் அதே நோயில் மடிந்தன. மனிதரின் தொற்றுக் காமாலை நாய்க்குத் தாவுவதில்லை. இருவருக்கும் பொதுவாயிருந்தது உணவு மட்டுமே, அது மக்காச்சோளம்.

அறுவடைக் காலத்தில் பருவம் தப்பிய மழை பெய்திருந்தது. நனைந்த கதிர்கள் சரிவரக் காயாமலே வீட்டுக்குள் சேமிக்கப்பட்டன. அந்த ஈரத்தில் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சை செழித்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரந்தது. அடுப்பின் வெப்பத்தால் முற்றிலும் அழியாத இந்நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1975இல் லான்செட் இதழில் இதனை வெளியிட்டனர். அவர்கள் சோதித்த மக்காச்சோளத்தில் இன்றைய அனுமதி வரம்பைப்போல் பல நூறு மடங்கு நஞ்சிருந்தது.

நம்மை உறுத்துவது வேறொன்று. இந்நஞ்சு அன்று புதிதன்று. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் கலந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இதனைக் கண்டறிந்தனர். வான்கோழிகள் கற்பித்த பாடம் பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் பான்ஸ்வாராவின் குடிசைகளை எட்டவில்லை.

எட்டியிருந்தாலும் என்ன செய்திருப்பர்? பூசணம் பிடித்ததைக் கண்ணால் கண்டுதான் உண்டிருப்பர் என்றே நாம் கருதுகிறோம். வாங்க வழியும் மாற்றுத் தானியமும் இல்லாத வீட்டில், எறிவதற்கும் வசதி வேண்டும்.

2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதே கதை திரும்பியது. ஈரமான மக்காச்சோளத்தை வீட்டினுள் சேமித்தவர்களிடையே 317 பேர் நோயுற்றனர். 125 பேர் இறந்தனர். முப்பது ஆண்டு இடைவெளியில் ஆய்வுக்கூடங்கள் வெகுவாக வளர்ந்திருந்தன. கதிரை உலர்த்த ஒரு களமும், கெட்டதைக் கொட்டிவிட்டு வேறு உண்ண ஒரு மூட்டையும் அவ்வூர்களுக்கு அப்போதும் வாய்க்கவில்லை. நஞ்சின் வரலாற்றைப் பூஞ்சையின் வரலாறாக மட்டும் எழுதிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை.