கைக்குழந்தையோடு இமயமலை ட்ரெக்கிங் போகலாமா? எந்த உயரம் வரை பாதுகாப்பு, எப்போது கீழே இறங்க வேண்டும்?

பனி மூடிய சிகரம். அப்பாவின் முதுகில் ஒரு குழந்தை. கையில் சின்ன தேசியக்கொடி. இப்படி ஒரு வீடியோவை உங்கள் போனில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கீழே "நாமும் நம்ம பாப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கமென்ட்டுகள் குவிந்திருக்கும்.

போகலாமா? ஒரு உயரம் வரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேலே போனால், குழந்தைக்கு நடக்கத் தெரியுமா என்பதைவிட "தலை வலிக்குது" என்று சொல்லத் தெரியுமா என்பதுதான் முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

மலை மேலே காற்றில் என்ன மாறுகிறது?

சென்னையிலும் சரி, லே நகரத்திலும் சரி, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மாறுவது காற்றழுத்தம். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் குறையும். 3,000 மீட்டரில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான் கிடைக்கும். 5,500 மீட்டரில் பாதி.

நம்ம ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். இங்கெல்லாம் ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் உயரத்தால் பிரச்னை வராது. குளிரும், வளைவுச் சாலையில் வரும் வாந்தியும்தான் தொல்லை. இலங்கையின் சிவனொளிபாதமலையும் 2,243 மீட்டர்தான். அங்கே சவால் படிக்கட்டுகளும் இரவுக் காற்றும்.

ஆக, 2,500 மீட்டருக்கு மேலே இரவு தங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. பகலில் மேலே போய்விட்டு இறங்கிவிடுவது வேறு, மேலேயே தூங்குவது வேறு. மலையேறுபவர்கள் எப்போதும் "எங்கே தூங்குகிறோம்" என்ற உயரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். தூக்கத்தில் மூச்சு மெதுவாகி, உடம்பில் ஆக்சிஜன் இன்னும் குறையும்.

குழந்தைக்கு மலைநோய் வந்தால் எப்படித் தெரியும்?

பெரியவர்களுக்குத் தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை என்று தொடங்கும். மேலே போய்ச் சேர்ந்து 6 முதல் 12 மணி நேரத்தில், அதாவது பெரும்பாலும் இரவில் வரும். குழந்தைகளுக்கும் ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கே இது வருகிறது. கூடுதலாக வருவதில்லை, ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்ன செய்யும்? காரணமில்லாமல் சிணுங்கும். பால் குடிக்காது. விளையாட்டுப் பொருளைக் கொடுத்தால் தள்ளிவிடும். தூங்காது, அல்லது பகலிலேயே சுருண்டு படுக்கும். இதையெல்லாம் பார்த்து நாம் என்ன சொல்வோம்? "பயணக் களைப்பு", "இடம் புதுசு", "பல் முளைக்குது போல". இப்படித்தான் முதல் அறிகுறிகள் கைநழுவிப் போகின்றன.

அதனால்தான் மலை மருத்துவர்கள் பச்சிளம் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு மதிப்பீட்டு முறையே வைத்திருக்கிறார்கள். அழுகை எவ்வளவு, சாப்பாடு எப்படி, விளையாட்டு எப்படி, தூக்கம் எப்படி என்ற நான்கையும் அந்தக் குழந்தையின் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த வழக்கம் தெரிந்தவர் அம்மா, அப்பா, பாட்டி யாராவதுதான். கைடுக்குத் தெரியாது. எனவே உயரத்தில் குழந்தை வழக்கத்துக்கு மாறாக இருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிஜ ரூட்டில் கணக்குப் போடுவோம்

உத்தராகண்டின் கேதார்கந்தா சிகரத்தை எடுத்துக்கொள்ளலாம். 12,500 அடி, அதாவது சுமார் 3,800 மீட்டர். முதல்முறை இமயமலை போகும் நம்ம ஊர்க்காரர்கள் பலர் தேர்ந்தெடுக்கும் சிகரம். "ஈஸி ட்ரெக்" என்று பெயர் வாங்கியிருப்பதால் குடும்பத்தோடு வருபவர்களும் உண்டு.

சாங்க்ரி கிராமத்தில் முதல் இரவு, சுமார் 6,400 அடி. அடுத்த இரவு ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில், 9,100 அடி. அதற்கடுத்து பேஸ் கேம்ப், சுமார் 11,250 அடி. மறுநாள் அதிகாலை சிகரம்.

இப்போது விதியைப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனதும், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது பெரியவர்களுக்கான பொதுவான வழிகாட்டுதல். குழந்தைகள் என்றால் 300 மீட்டரோடு நிறுத்துவது நல்லது. ஆனால் ஜூடா கா தாலாபில் இருந்து பேஸ் கேம்ப் போகும்போது ஒரே நாளில் 650 மீட்டர் ஏறுகிறோம். கல்லூரி மாணவர்கள் பலர் தலைவலியோடு சமாளித்துவிடுவார்கள். 4 வயதுக் குழந்தையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

என்ன செய்யலாம்? ஏரிக்கரையில் இன்னொரு இரவு தங்கலாம். இடையில் ஒரு முகாம் கேட்கலாம். 5 வயதுக்குக் கீழே என்றால், ஏரி வரை போய்ப் பனியில் விளையாடிவிட்டுத் திரும்புவதே ஒரு முழுமையான பயணம் என்பது நம் கருத்து. சிகரத்தில் எடுக்கும் போட்டோ பெற்றோருக்குத்தான். பாப்பாவுக்குப் பனிப்பந்து போதும்.

இன்னொரு விஷயம். சூரிய உதயம் பார்ப்பதற்காகப் பல குழுக்கள் அதிகாலை 3 மணிக்கே சிகரத்துக்குக் கிளம்பும். அதுதான் இரவிலேயே மிகக் குளிரான நேரம். ஏறுகிறவருக்கு வியர்க்கும். முதுகில் தொட்டில் பையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை அசையாமல் இருக்கும், அதன் உடம்பில் சூடு உற்பத்தி ஆகாது. காலைத் தொங்கப்போட்டு உட்காரும்போது பையின் பட்டை தொடையை அழுத்தினால், பாதத்துக்கு ரத்த ஓட்டமும் குறையும். "எனக்கே வேர்க்குது, பாப்பாவுக்கு எப்படிக் குளிரும்?" என்று நினைக்கக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை இறக்கி, கையுறை, காலுறையைக் கழற்றி, விரல்களைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று வெளுத்திருந்தால், உங்கள் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் கதகதப்பாக்குங்கள். தேய்க்க வேண்டாம், நெருப்பிலும் காட்ட வேண்டாம்.

கேதார்நாத், லே போகிறவர்களுக்கு?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "நாங்க ட்ரெக்கிங் போகலை, சாமி கும்பிடத்தானே போறோம்" என்பார்கள். கௌரிகுண்ட் சுமார் 1,980 மீட்டர், கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர். ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏற்றம். ஹெலிகாப்டரில் போனால் அதே ஏற்றம் சில நிமிடங்களில். கண்டி எனப்படும் முதுகுக்கூடையில் குழந்தையை உட்கார வைத்து அனுப்பினால், நடக்கிற அலுப்பு மிச்சம், உயரம் மிச்சமாகாது. அன்றே தரிசனம் முடித்து இறங்கிவிடுவது, மேலே தங்குவதைவிடக் குழந்தைக்குப் பாதுகாப்பு.

டெல்லியில் இருந்து விமானத்தில் லே போனால், ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 3,500 மீட்டருக்குப் போய்விடுகிறீர்கள். முதல் 48 மணி நேரம் ஹோட்டலிலேயே ஓய்வு. மறுநாளே கர்துங் லா கணவாய்க்கு வண்டி பேசுவதெல்லாம் வேண்டாம்.

அமர்நாத் யாத்திரைக்கு 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி கிடையாது. குகை இருப்பது 3,888 மீட்டர் உயரத்தில். நேபாளத்தில் எவரெஸ்ட் ஏற அனுமதிச்சீட்டு வாங்க 16 வயது ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் தெலங்கானாவின் மாலாவத் பூர்ணா 2014-ல் 13 வயதிலேயே எவரெஸ்ட் ஏறியது எப்படி? அவர் ஏறியது திபெத் பக்கமாக. அதுவும் முறையான மலையேற்றப் பயிற்சி முடித்த பிறகு. விடுமுறைப் பயணத்தோடு அதை ஒப்பிட முடியாது.

உடனே கீழே இறங்க வேண்டிய நிலை எது?

லேசான மலைநோய் என்றால் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டு, அதே உயரத்தில் ஓய்வு எடுத்தால் ஓரிரு நாளில் சரியாகும். ஆனால் கூடவே இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, விடாத இருமல், உதடு நீலம் பாய்கிறது: நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டாவது இரவில் இது வெளிப்படும். நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை தள்ளாடுகிறது, எழுப்பினால் முழிக்க மாட்டேன் என்கிறது, பேச்சு குழறுகிறது: மூளையில் வீக்கம். இரண்டுமே உயிரைப் பறிக்கும். இரவு 2 மணி என்றாலும், மழை பெய்தாலும், பாதுகாப்பாக இறங்க வழி இருந்தால் இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் நிலைமை கைமீறலாம். குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000 மீட்டர். குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். முகாமில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் இறங்கும்போதே கொடுக்கலாம்.

சளி, காய்ச்சல், இருமலோடு இருக்கும் குழந்தையை அந்த வாரம் மேலே கூட்டிப்போகவே கூடாது. நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து அதிகம். பிறவி இதயக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள், பிறந்து சில வாரங்களே ஆன சிசுக்கள் என்றால் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் டிக்கெட்டே போட வேண்டாம்.

கற்பூரம், ஆக்சிஜன் கேன் உதவுமா?

லடாக், கேதார்நாத் போகும் பலரும் கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து எடுத்துப் போகிறார்கள். அதை முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி இருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் துளிகூட ஏறாது. சின்னக் குழந்தை கற்பூரத்தை வாயில் போட்டுவிட்டால் சிறிய அளவிலேயே வலிப்பு வரலாம். குழந்தை வரும் பயணத்தில் கற்பூரப் பொட்டலமே வேண்டாம்.

கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலேயே தங்குவதுதான் ஆபத்து. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பெரியவர் அளவுக்குச் செய்தது. குழந்தையின் சின்ன விரலில், அதுவும் குளிரில் விறைத்த விரலில், தப்பாகக் காட்டும். 95 காட்டினாலும் குழந்தை சோர்ந்து கிடந்தால், குழந்தையைத்தான் நம்ப வேண்டும்.

அசிட்டசோலமைடு மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு எடையை வைத்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

குளிருக்கு அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்பு வைத்துத் தூங்குவது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதனால் வரும் தலைவலியும் வாந்தியும் மலைநோய் மாதிரியே இருக்கும்.

புக் பண்ணும் முன்பு என்ன கேட்க வேண்டும்?

ஒவ்வொரு இரவும் எத்தனை அடி உயரத்தில் தங்குகிறோம்? குழந்தைக்கு முடியாவிட்டால், பெற்றோரில் ஒருவரோடு கீழே இறங்கிவரத் தனி கைடு கிடைப்பாரா? முகாமில் ஆக்சிஜன் சிலிண்டரும் குழந்தைக்குப் பொருந்தும் முகமூடியும் உண்டா? பக்கத்து மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம்? சாங்க்ரியை எடுத்துக்கொண்டால், பெரிய மருத்துவமனைகள் உள்ள டேராடூன் சுமார் 200 கிலோமீட்டர். மலைச்சாலையில் அது ஒரு முழுப் பகல். தனி கைடு கிடையாது என்று சொன்னால் வேறு நிறுவனம் பாருங்கள். குழுவில் மீதி 15 பேர் சிகரத்துக்குப் போக, நீங்கள் மட்டும் குழந்தையோடு கூடாரத்தில் காத்திருக்கும் நிலை வரக் கூடாது.

பைக்குள் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் இருக்கட்டும். பொம்மைக் கண்ணாடி இல்லை, புற ஊதாக் கதிரைத் தடுப்பது. புதுப்பனி வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், ஒரே பகலில் குழந்தையின் கண் சிவந்து எரியும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மருத்துவர் எழுதிக்கொடுத்த பாராசிட்டமால் சிரப், மாற்றுக் காலுறை நாலு ஜோடி. பருத்தி உடை நனைந்தால் காயாது, கம்பளிதான் நல்லது. வண்டியில் மலை இறங்கும்போது காது அடைத்து அழும் குழந்தைக்குத் தாய்ப்பாலோ பால் பாட்டிலோ கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும்.